பிக்கப் வண்டியின் பிரேக் காலிப்பரை வீட்டிலேயே பிரித்து சீல் மாற்றலாமா?

மலைப்பாதை பிக்கப்:
வணக்கம். என்னுடையது சின்ன பிக்கப், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்குகிறேன். கொஞ்ச நாளாக பிரேக்கை விட்ட பிறகும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, கீழே வந்து நிறுத்தினால் இடது முன்சக்கரத்துப் பக்கம் கையே கொண்டு போக முடியவில்லை, அவ்வளவு சூடு. பேடைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கத்து பேட் நன்றாகத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கத்தது ஏறக்குறைய புதுசு மாதிரியே இருக்கிறது. பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிற காலிப்பரையே புதுசாகப் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதன் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்துக்கான சீல் கிட் மட்டும் வாங்கி நானே மாற்றினால் போதாதா? ஸ்பேனர் வேலை ஓரளவு தெரியும்.

பட்டறை அண்ணன்:
மாற்றலாம் தம்பி, ஆனால் கிட் வாங்குவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்துக்கொண்டு நின்றால் காலிப்பரில் காற்றை வெளியேற்றுகிற ப்ளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் உடனே லேசானால் உள்ளே பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும், அப்போது காலிப்பரைப் பிரிப்பது வீண் வேலை. தளர்த்தியும் சக்கரம் அசையவில்லை என்றால்தான் பிஸ்டனையோ, காலிப்பர் நகர்ந்து ஓடுகிற ஸ்லைடு பின்னையோ சந்தேகப்பட வேண்டும். உள் பேட் மட்டும் தேய்வதற்கு இந்த இரண்டுமே காரணமாக இருக்கலாம். ஸ்லைடு பின் இறுகினால் காலிப்பர் நகராது, பிஸ்டன் தள்ளுகிற உள் பேடே எல்லா வேலையையும் செய்யும்.

மலைப்பாதை பிக்கப்:
நன்றி அண்ணா. ப்ளீடரைத் திறந்தும் விடவில்லை. ஸ்லைடு பின் இரண்டும் நன்றாக நகர்கிறது. அப்போ பிஸ்டன்தான். வெளியே எடுப்பது எப்படி? ஏர் அடிக்கலாமா?

பட்டறை அண்ணன்:
ஏர் அடித்தால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. வண்டியின் பெடலையே பயன்படுத்துங்கள். ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் டிஸ்க்கிலிருந்து எடுத்து, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டு வைத்து, ஒருவர் மெதுவாக மிதிக்க, இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருங்கள். கீழே தட்டு வையுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

இனி சொல்வதுதான் முக்கியம். சீல் ஆயிலை மட்டும் தடுக்கவில்லை, பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் அதுதான். சதுர வெட்டு ரப்பர் அது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் தன் நிலைக்குத் திரும்பி பிஸ்டனையும் கூட இழுத்துக்கொள்ளும். உள்ளே தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சீல் உட்காரும் பள்ளத்தில் துரு படிந்தால் அது சீலைப் பின்னாலிருந்து நெருக்கும், பிஸ்டன் திரும்ப வராது. பள்ளத்தைச் சுரண்டாமல் புது சீல் போட்டால் அதே கோளாறு திரும்ப வரும். இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளையோ கூர்மையாகச் சீவின மூங்கில் குச்சியோ போதும். கழுவ பிரேக் கிளீனர் அல்லது சுத்தமான பிரேக் ஆயில் மட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் எதுவும் அந்த ரப்பர் பக்கம் வரவே கூடாது, ஊதிவிடும்.

மலைப்பாதை பிக்கப்:
பிரித்தாகிவிட்டது. பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது, சுரண்டச் சுரண்ட வந்தது. பிஸ்டனில் ஒரு பக்கம் முலாம் உரிந்து குட்டிக் குட்டிக் குழி. காலிப்பர் உள்சுவரிலும் ரெண்டு கோடு தெரிகிறது. உப்புத்தாள் போட்டால் சரியாகுமா?

டீசல் மாமா:
உள்சுவர் கோட்டுக்குப் பயப்பட வேண்டாம் மாப்பிள்ளை. சீல் பள்ளத்தில் அசையாமல் இருக்க, பிஸ்டன்தான் அதன் மேல் வழுக்கி ஓடுகிறது. அதனால் வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டன். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் நேர் எதிர், அங்கே ரப்பர் பிஸ்டனோடு ஓடும், சுவரில் கீறல் இருந்தால் ஒழுகும். உங்கள் பிஸ்டனில் குழி சீல் தொடும் இடத்தில் இருந்தால் உப்புத்தாள் உதவாது, முலாம் போன இடம் மறுபடி துருப்பிடித்துப் புது சீலையும் அறுத்துவிடும். பிஸ்டன் மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். லேத்தில் கடைந்து கொடுக்கிறேன் என்பார்கள், மலை இறங்குகிற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

போடும்போது சீலிலும் பிஸ்டனிலும் புது பிரேக் ஆயில் தடவி, கை அழுத்தத்திலேயே நேராக இறக்குங்கள், சாய்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஹோஸ் போல்ட்டுக்குக் காப்பர் வாஷர் இரண்டும் புதுசு. பிரேக் ஆயில், மூடி திறக்காத புது டப்பாவாக இருக்கட்டும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் இழுத்த பிறகு அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் சக்கரம் கொதித்த சூட்டுக்குப் பழைய ஆயிலை நம்பவே கூடாது.

பட்டறை அண்ணன்:
மாமா சொன்னதோடு ஒன்று. வலதையும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் காலிப்பர்களை இடம் மாற்றிவிடாதீர்கள். ப்ளீடர் மேலே இருக்க வேண்டும், கீழே போனால் எவ்வளவு ப்ளீட் செய்தாலும் காற்று வெளியேறாது, பெடல் பஞ்சாகவே இருக்கும். வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். பிறகு சமதளத்தில் காலி வண்டியாக ஓட்டி, ரெண்டு பக்கச் சூடும் ஒன்றாக இருக்கிறதா, ஹோஸ் முனையில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகே லோடு ஏற்றுங்கள்.