வீட்டுக் குரூப்: கோல்ஃப் அயர்னும் மம்பட்டிக் கணையும்

துபாய் சித்தப்பா: மக்ளே, என் பழைய கோல்ஃப் அயர்ன் செட்டை (இரும்புத் தலை மட்டைகளை) ஊருக்கு வாற ஆள்கிட்ட குடுத்து விடுதேன். அதுக்கு முன்ன உன் அளவு வேணும்.

சின்னவன்: அளவெல்லாம் எதுக்கு சித்தப்பா? திருவனந்தபுரம் கவடியார் கோல்ஃப் மைதானத்துல கோச்சோட செட்டை வச்சுதான் அடிக்கேன். சமாளிச்சுக்கிடுவேன்.

துபாய் சித்தப்பா: சமாளிக்காத. நான் மூணு வருசம் கடையில எடுத்துத் தந்ததை வச்சு அடிச்சேன். ஷாஃப்ட், அதான் மட்டைத் தண்டு, எனக்கு ரொம்ப விறைப்பு. பந்து தாழ்ந்து வலப்பக்கமாப் போகும். என் கையிலதான் தப்புன்னு ஸ்விங்கையே மாத்தினேன். முதுகுவலிதான் மிச்சம்.

சின்னவன்: எனக்கும் வலது பக்கந்தான் போவுது

துபாய் சித்தப்பா: அதை வச்சு மட்டும் முடிவு பண்ணாத. மட்டை முகம் வெளிப்பக்கமாத் திறந்து பட்டாலும் அப்படித்தான் போகும். பந்துல மார்க்கரால ஒரு கோடு போடு. கோடு நெட்டக்குத்தா, மட்டையைப் பாத்து நிக்கணும். 7-ம் நம்பர் அயர்னால அடி. முகத்துல கோடு பதியும், போட்டோ அனுப்பு.

பெரியம்மை: மொதல்ல சாப்பிட்டுட்டுப் போ மக்ளே

சின்னவன்: 📷 அஞ்சு தடவை அடிச்சேன். அஞ்சுலயும் கோட்டோட மேல்முனை ஹீல் (தண்டு சேருத முனை) பக்கமா சரிஞ்சு கெடக்கு.

துபாய் சித்தப்பா: அப்போ லை, அதான் தண்டுக்கும் தலைக்கும் உள்ள சாய்வு, உனக்குத் தட்டை. டோ (தலையோட வெளிமுனை) தரையில குத்துது, ஹீல் தூக்குது. ஆறடிக்கு மேல வளந்திருக்க, பின்ன எப்படி இருக்கும்!

பெரியப்பா: மம்பட்டிக்குக் கைப்பிடிக் கணை போடுத மாதிரில்லா இருக்கு. பூதப்பாண்டி வயல்ல அப்பா ஆளைக் குனிய வச்சுப் பாத்துதான் கணை போடுவாரு.

துபாய் சித்தப்பா: அதேதான் அண்ணே! கணைக்கும் இலைக்கும் நடுவுல உள்ள சாய்வுதான் லை. அங்க ஆப்பு வச்சு சரி பண்ணுவோம், இங்க மட்டைக் கழுத்தை மிசின்ல மாட்டி வளைப்பாங்க. என் செட்டு அடிச்சு செஞ்ச இரும்பு, 2 டிகிரி சுளுவா வளையும். வார்ப்பா இருந்தா பாடுதான்.

சின்னவன்: நீளமும் கூட்டணுமா?

துபாய் சித்தப்பா: அதுக்குத்தான் அளவு கேட்டேன். ஷூ போட்டு நேரா நில்லு, கையைத் தொங்க விடு. மணிக்கட்டு மடிப்புல இருந்து தரை வரைக்கும் அளக்கணும். நீ குனிஞ்சு பாத்தா அளவு மாறிரும், வேற ஆள் அளக்கட்டும். கிரிப்புக்கு (கை பிடிக்குத உறைக்கு) மணிக்கட்டு மடிப்புல இருந்து நடுவிரல் நுனி வரை. ஷாஃப்ட் விறைப்பு மட்டும் டேப்புல தெரியாது, நீ வீசுத வேகத்தைப் பாக்கணும். அதை நான் லீவுல வரும்போது பாப்போம்.

பெரியம்மை: நான்தான் டேப்பு பிடிச்சேன். தரை வரை 37 இஞ்சி. கை ஏழே முக்கால்.

துபாய் சித்தப்பா: ஷூ போட்டிருந்தானா மைனி?

பெரியம்மை: போட்டிருந்தான். ரெண்டு தடவை அளந்தாச்சு.

துபாய் சித்தப்பா: சரி, நாளைக்கே வளைக்கக் குடுக்கேன். வெள்ளிக்கிழமை ஆள் புறப்படுது.