லாரன்ஸுக்காக ஓர் உதவி வேண்டும்
நண்பர்களே, அமெரிக்கத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதையைச் சொல்லும் ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தில் அவருடைய நண்பரும் போர் வீரருமான ஜான் லாரன்ஸ் இறந்த செய்தி வரும் காட்சி என்னை விட்டு அகலவே இல்லை. பாடல் தொகுப்பில் அது கிடையாது. நாடகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஹாமில்டனின் மனைவி எலைசா, அந்தச் செய்தி வந்த கடிதத்தைப் படித்து முடிக்கிறார். ஹாமில்டனோ, செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்கிறார். அவ்வளவுதான்!

அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் வெற்றியைக் கண்ட பிறகு, 1782 ஆகஸ்ட் 27 அன்று, தென் கரோலினாவில் ஒரு சிறு மோதலில், வெறும் 27 வயதில் லாரன்ஸ் மாண்டார். அடிமைகளை விடுவித்துப் படை அமைக்க நினைத்தவர். நெஞ்சு பொறுக்கவில்லை.

உண்மையான ஹாமில்டன் அந்த அக்டோபரில் அமெரிக்கப் படைத் தளபதி கிரீனுக்கு எழுதிய கடிதத்தில் தன் துயரத்தைச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு? நண்பனை நினைத்து அவர் எழுதிய வேறு கடிதங்கள் உண்டா? படித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.