லோரோங் கூலிட்டில் வாங்கிய டச்சுக் கட்டடப் படம்: அசலா, மறுபதிப்பா?

ஆயர் ஈத்தாம்வாசி:

வணக்கம். போன ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு படம் வாங்கினேன். 220 வெள்ளி சொன்னார், பேரம் பேசி 150க்குப் படிந்தது. பெரிய கட்டடம், முன்னால் திடல், குடை பிடித்த சில ஆட்கள். அடியில் ‘ஸ்டாட்ஹைஸ்’ என்று இருந்ததால் மலாக்கா சிவப்புக் கட்டடம் என்றே நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் பக்கத்திலேயே ‘பத்தாவியா’! மேல் மூலையில் பக்க எண் மாதிரி ஏதோ இருக்கிறது. நடுவில் ஒரு மடிப்பு. தாள் முழுக்கக் காப்பித்தூள் தூவியது போல் புள்ளி. இது அசல்தானா? பிரேம் போடக் கேட்ட இடத்தில், பலகையில் பசை தடவி ஒட்டினால் சுருக்கம் போய்விடும் என்கிறார்கள். ஒட்டலாமா?

பிரேம் கடைக்காரன்:

ஐயோ, ஒட்டாதீர்கள் தம்பி! மற்றதெல்லாம் அப்புறம்.

லிட்டில் இந்தியாவில் 31 வருடமாகப் படச்சட்டம் போடுகிறேன். பலகையில் ஒட்டிய பழைய தாளை உரித்துத் தரச் சொல்லி வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் போகும்.

ஸ்டாட்ஹைஸ் என்பது கட்டடத்தின் பெயர் இல்லை. நகர மன்றம், அவ்வளவுதான். ஒல்லாந்தர் 1641இல் மலாக்காவைப் பிடித்து, 1650 வாக்கில் அங்கே ஒன்று கட்டினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அங்கே இப்போது வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கும் நகர மன்றத்தை 1707இல் தொடங்கி 1710இல் முடித்தார்கள். அதற்கு முன்பு அங்கே வேறொரு நகர மன்றம் இருந்தது. உங்கள் படத்தில் இருப்பது இந்த இரண்டில் எது என்று பாருங்கள். கூரை நடுவில் சின்ன கோபுரக் கூண்டு, இரண்டு அடுக்காக நீள வரிசை ஜன்னல்கள், நடுவில் தூண் வைத்த வாசல் என்று இன்றைய கட்டடத்தின் புகைப்படத்தோடு பொருந்தினால், படம் 1710க்குப் பிந்தியது. அப்படியானால் வாலண்டைன் என்ற டச்சுப் பாதிரியார் 1724 முதல் 1726 வரை வெளியிட்ட பெரிய நூலிலிருந்தோ, அதைப் பார்த்து வரைந்ததிலிருந்தோ வந்திருக்கலாம். பொருந்தாவிட்டால் நியூஹோஃப் என்ற பயண எழுத்தாளர் பக்கம் போங்கள். அவர் 1672இல் மடகாஸ்கரில் காணாமல் போனவர். பயண நூல் 1682இல்தான் வந்தது. நகர மன்றம், மருத்துவமனை, மீன் சந்தை என்று பத்தாவியாவின் பொதுக் கட்டடங்கள் வரிசையாக அதில் உண்டு. நம் தூத்துக்குடியும் உண்டு, அந்தத் தாள் என் கைக்கு வந்தால் விற்கவே மாட்டேன். 1704இல் லண்டனில் ஆங்கிலத்திலும் அச்சிட்டார்கள். அதனால் கட்டடம் பழையது என்பதாலேயே தாளும் அவ்வளவு பழையது என்று சொல்ல முடியாது.

இனி தாளுக்கு வருவோம். செப்புத்தகடு அச்சில், ஈரத்தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளையில் அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி லேசான பள்ளம் தெரியும். விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்ட கோடுகளும் தெரிந்தால் கையால் செய்த பழைய தாளாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பொடிப்பொடியாக, ஒரே ஒழுங்கில் புள்ளிகள் தெரிந்தால் ஆப்செட், அதாவது இந்தக் கால இயந்திர அச்சு. 150 வெள்ளி போச்சு. பழுப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தேத்தண்ணியில் ஊற வைத்தாலும் அது வரும்.

மடிப்பு நல்ல அடையாளம். புத்தகத்தில் மடித்து வைத்திருந்ததை யாரோ கிழித்து எடுத்திருக்கிறார்கள். கிழித்தவனைத் திட்டலாம், ஆனால் சந்தையில் கிடைப்பதெல்லாம் அப்படி வந்ததுதான்.

கெப்போங் வாத்தியார்:

மலாக்கா கட்டடம் டச்சுக்காரன் காலத்தில் சிவப்பே இல்லை, வெள்ளை. சிவப்பு பிரிட்டிஷ்காரன் அடித்தது. பழைய படத்துக்குச் சிவப்பு பூசி விற்றால் உஷார்.

பினாங்கு பழைய படம் வேண்டுமென்றால் டச்சில் தேடிப் பயனில்லை. நமக்கு வந்தது 1786இல் ஆங்கிலேயர்தானே.

ஆயர் ஈத்தாம்வாசி:

அண்ணே, பார்த்துவிட்டேன். மூன்று பக்கம் பள்ளம் இருக்கிறது, நாலாவது பக்கத்தைக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் கோடு தெரிகிறது. பூதக்கண்ணாடியில் புள்ளி இல்லை, கோடுதான். கட்டடம் ஜகார்த்தா புகைப்படத்தோடு பொருந்தவில்லை, கூரையே வேறு மாதிரி. என் மனைவிக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. தாளில் உள்ள புள்ளியை ரப்பரால் அழிக்கலாமா என்கிறாள்.

பிரேம் கடைக்காரன்:

ரப்பர் வேண்டாம், பிளீச் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தாலும் பூஞ்சையாலும் வரும் துருப்புள்ளி. நம்ம ஊர் காற்றில் வராமல் இருந்தால்தான் அதிசயம். அமிலமில்லாத அட்டையில், மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டு இரண்டை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். செலோடேப் கூடாது. கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி வேண்டும். பழைய கடைவீட்டுச் சுவர் என்றால் ஈரம் இழுக்கும், உள்சுவரில் மாட்டுங்கள், வெயில் படாமல். பின்பக்கத்தைத் திறந்தே விட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

வெட்டிய பக்கத்தை அட்டைக்குள் மறைத்துவிடாதீர்கள். பள்ளம் தெரிகிற மாதிரி, படத்தின் மேல் வரும் அட்டையின் திறப்பைக் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல்லுங்கள். விற்கிற எண்ணம் வந்தால் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.