மலிவான பழைய கார்: வாங்கி நாமே சர்வீஸ் செய்வது சரிவருமா?

கேள்வி

வணக்கம். பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன் சர்வீஸ் வேலைகளை நானே செய்து பழகலாம் என்று எண்ணியிருக்கிறேன். இதுவரை மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றியதும் செயின் இறுக்கியதும் மட்டுமே என் அனுபவம். பார்த்துவைத்திருக்கும் காரின் மீட்டர் 1,10,000 கிலோமீட்டர் காட்டுகிறது. சர்வீஸ் செய்ததற்கான பதிவு எதுவும் இல்லை, ஆனால் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரு சத்தமும் இல்லாமல் கிளம்பியது. எவற்றைச் சோதித்து வாங்க வேண்டும், வாங்கியபின் எந்த வேலையில் தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் சூடாக இருந்ததா? சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் நீங்களே முதலில் கிளப்பிப் பாருங்கள். கிளம்பிய சில நொடிகளுக்கு நீலப் புகை வந்தால் வால்வு சீல்கள் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது என்று கொள்ளலாம். இன்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை அடர்த்தியாக வந்துகொண்டேயிருந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் விலை எவ்வளவு இறங்கினாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது இன்ஜின், ஆயில், ஏர்பேக் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. மீட்டர் காட்டும் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் பெடலைத்தான் நம்புவேன்.

கேட்டவர்

நன்றி ஐயா. நான் போகும்போதே பானட் சூடாகத்தான் இருந்தது. "இப்போதுதான் ஒரு சுற்று போய்வந்தேன்" என்றார் விற்பவர். காலையில் மீண்டும் போகிறேன். எல்லாம் சரியாக இருந்தால், முதல் வேலை ஆயில் மாற்றுவதுதானே?

மறுமொழி 2

ஆயில் அவசியம்தான், ஆனால் அதற்கும் முன்னால் அந்த இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப நேரத்தோடு திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு ரசீது இல்லாத நிலையில், அது மாற்றப்படவே இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் காரை விற்றவர் "போன வருடம்தான் மாற்றினேன்" என்று சொன்னதை நம்பி ஓட்டினேன். மூன்றாம் மாதம் நடுவழியில் பெல்ட் அறுந்தது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தவுடன் வால்வுகள் திறந்தபடியே நின்றுவிட, மேலேறி வரும் பிஸ்டன் அவற்றில் மோதி வளைத்துவிடும். எனக்கும் அதுவே நடந்தது. ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மாற்றிய செலவில் இன்னொரு பழைய காரையே வாங்கியிருக்கலாம். எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடுவதால், அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். கொஞ்சமே ஓடிய காரிலும் வயது ஏற ஏற ரப்பர் கெடும். இந்த வேலையை முதல்முறை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

நீங்களே செய்யக்கூடியவை இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட் (ரேடியேட்டர் நீர்) ஆகியவை. ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திரும்பப் போடும்போது முதலிலேயே ஸ்பேனரால் முறுக்காதீர்கள். விரலால் சில மரை ஏற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். அலுமினிய ஆயில் பேனில் மரை ஒருமுறை அழிந்தால் பிறகு படாத பாடு படுவீர்கள். கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றும்போது, ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். ஆயிலை வடித்தபின் மேல் போல்ட் துருப்பிடித்து வராமல் போனால் காரை நகர்த்த முடியாது.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு பிரேக் ஆயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரமேறிய நிலைக்கு அதே தரம் வகுத்திருக்கும் குறைந்த அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்தால், பெடல் அழுந்தும், கார் நிற்காது. மாற்றியபின் குழாய்களில் ஒரு குமிழிகூடத் தங்கக்கூடாது என்பதால், முதல்முறை தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

காருக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சமமான கெட்டித் தரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஸ்டாண்டுகளின்மேல் காரை இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் படுங்கள். ஏர்பேக் பாகங்களையும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் வீட்டில் கழற்ற வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும்.

கேட்டவர்

இன்று காலை போய்வந்தேன். குளிர்ந்த இன்ஜின் கிளம்பியதும் கொஞ்சம் நீலப் புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றது. பெல்ட் மாற்றிய ரசீது அவரிடம் இல்லை. இரண்டு செலவுகளையும் கழித்து ஒரு விலை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கார் பார்ப்பேன்.