ஸ்பிரிட்டில் உப்பு கரைகிறது, கற்பூரக் கரைசல் தண்ணீர் பட்டதும் வெளுக்கிறது: எங்கே பிசகு?

கேள்வி

வணக்கம். மாணவர்களுக்காக ஒரு செயல்விளக்கம் தயார் செய்கிறேன். உப்பு, சர்க்கரை, கற்பூரம், அயோடின் ஆகியவை தண்ணீரில் எப்படிக் கரைகின்றன, எத்தனாலில் எப்படிக் கரைகின்றன என்று அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். மூன்று இடங்களில் சிக்கல்.

உப்பு எத்தனாலில் கரையாது என்றுதான் பாடம். ஆனால் எத்தனாலுக்காக என்னிடம் உள்ள ஸ்பிரிட்டில் உப்பைப் போட்டு நன்றாகக் கலக்கி, மேலே தெளிந்ததை மட்டும் ஒரு தட்டில் ஊற்றி உலரவிட்டால், வெள்ளைப் படிவு நன்றாகவே தெரிகிறது. கற்பூரம் ஸ்பிரிட்டில் தெளிவாகக் கரைந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் பால் போல வெளுத்துவிட்டது. அயோடினுக்கு டிஞ்சர் (ஆல்கஹாலில் கரைத்த அயோடின் மருந்து) வைத்திருக்கிறேன். அதிலும் தண்ணீர் விட்டேன், எதுவும் பிரியவில்லை, நிறம் மட்டும் வெளிறியது. கற்பூரத்துக்கு ஒரு நியாயம், அயோடினுக்கு ஒரு நியாயமா? ஸ்பிரிட்டே கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில் – ஆய்வக உதவியாளர்

முதலில் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எத்தனாலா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலா? எத்தனை சதவீதம்?

எழுத்து அழிந்திருந்தால் எடை போட்டே கண்டுபிடிக்கலாம். அளவு ஜாடியில் சரியாக 50 மில்லி எடுத்து நிறுத்துப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் தூய எத்தனால் 39.5 கிராம் இருக்கும். கன அளவில் 95 சதவீதம் என்றால் 40.6 கிராம். 70 சதவீதம் என்றால் 44.3 கிராம். அறை கொஞ்சம் சூடாக இருந்தால் எடை சற்றுக் குறையும், ஆனாலும் 70ஐயும் 95ஐயும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. நீரற்ற காப்பர் சல்பேட் நீலமாகிறதா என்று பார்க்கும் சோதனையை இதற்கு நம்பாதீர்கள். அது நீர் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 95 சதவீத எத்தனாலிலும் நீலமாகும்.

இன்னொன்று: கற்பூரம் போடாத வெறும் ஸ்பிரிட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா? அதுவே வெளுத்தால் ஸ்பிரிட்டில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

கேட்டவர்

எத்தனால் என்று மட்டும் தெரிகிறது, சதவீதம் அழிந்துவிட்டது. 50 மில்லி எடை 44 கிராமுக்குச் சற்று மேல். வெறும் ஸ்பிரிட்டில் தண்ணீர் விட்டால் தெளிவாகவே இருக்கிறது, லேசாகச் சூடாகிறது, அவ்வளவுதான்.

பதில் – வேதியியல் ஆசிரியை

சரி, உங்கள் ஸ்பிரிட் கெடவில்லை. அது 70 சதவீத எத்தனால், மீதி பெரும்பாலும் தண்ணீர். உப்பைக் கரைத்தது அந்தத் தண்ணீர்தான்.

அளவுகளைப் பாருங்கள். 25 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பை ஏற்கும். அதே அளவு தூய எத்தனால் 0.065 கிராம்தான் ஏற்கும். நீங்கள் எடுக்கும் 50 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 25 மில்லிகிராம் அளவில் வரும். அதனால் "கரையாது" என்று எழுதுவதைவிட "மிக மிகக் குறைவாகக் கரையும்" என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். வேதியியலில் சுத்தமாகக் கரையாத பொருள் அரிது, இதைச் சின்ன வயதிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காரணம்: உப்புப் படிகத்தில் எதிரெதிர் மின்சுமை கொண்ட சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று பலமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. கரைப்பான் அந்த இழுப்பைத் தளர்த்த வேண்டும், பிரிந்த அயனிகளைச் சூழ்ந்து தாங்கவும் வேண்டும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி (மின்சுமைகளுக்கு இடையிலான இழுப்பை எத்தனை மடங்கு தளர்த்தும் என்ற அளவு) 78, எத்தனாலுக்கு 24 சொச்சம். அதோடு தண்ணீர் மூலக்கூறு சிறியது, ஓர் அயனியைச் சுற்றி நெருக்கமாக நிற்க முடியும். எத்தனாலுக்கு ஒரு எத்தில் வால் (இரண்டு கார்பன் கொண்ட பகுதி) இருக்கிறது, அது இடத்தை அடைக்கும், அயனிக்கு எந்த உதவியும் செய்யாது. ஆனால் எல்லா உப்பும் ஒன்றல்ல. லித்தியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் எத்தனாலில் நன்றாகவே கரையும்.

சர்க்கரைதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டால் சர்க்கரை எத்தனாலில் கரைய வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் ஹைட்ராக்சில் (OH) தொகுதி இருக்கிறது. நடப்பது வேறு. 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை போகும், தூய எத்தனாலில் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. ஒரு சர்க்கரை மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில்கள். படிகத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவை ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கியிருக்கின்றன. அவற்றை உடைக்க ஆகும் ஆற்றலை, மூலக்கூறுக்கு ஒரே ஒரு ஹைட்ராக்சில் வைத்திருக்கும் எத்தனாலால் ஈடுகட்ட முடியவில்லை. எது உடைகிறது, பதிலுக்கு எது உருவாகிறது என்று இரண்டு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட அது பலமடங்கு உதவும்.

கற்பூரம் வெளுத்ததும் சரியாகத்தான் நடந்திருக்கிறது. கற்பூர மூலக்கூறு பத்து கார்பன் கொண்ட கூடு, அதில் தண்ணீரோடு ஒட்டக்கூடியது ஒரே ஒரு கார்போனைல் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ள தொகுதி). ஒரு மில்லி எத்தனாலில் ஏறக்குறைய ஒரு கிராம் கரையும். 100 மில்லி தண்ணீரில் 0.12 கிராம் அளவில்தான் கரையும். நீங்கள் தண்ணீர் விட விடக் கலவை தண்ணீர்ப் பக்கம் சாய்கிறது, கற்பூரத்துக்கு இடமில்லாமல் போய் நுண்ணிய துகள்களாக வெளியே வருகிறது. வெளுத்த குழாயில் மறுபடி எத்தனால் விட்டால் தெளியும். இதை மறைக்காமல் காட்டுங்கள், உங்கள் செயல்விளக்கத்தின் சிறந்த பகுதியே இதுதான்.

கேட்டவர்

மிக்க நன்றி மேடம். அப்படியானால் டிஞ்சரும் வெளுத்திருக்க வேண்டுமே? அயோடினும் தண்ணீரில் கரையாதுதானே?

அப்புறம் ஒரு துணைக் கேள்வி. தண்ணீரில் போட்ட கற்பூரத் துணுக்கு மேலே அங்குமிங்கும் ஓடுகிறது. அது கரைவதால் நடப்பதா?

பதில் – வேதியியல் ஆசிரியை

தூய அயோடின் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.3 கிராம் அளவுக்குத்தான் கரையும். ஆனால் டிஞ்சரில் அயோடினோடு பொட்டாசியம் அயோடைடோ சோடியம் அயோடைடோ சேர்த்திருப்பார்கள். அயோடைடு அயனி அயோடின் மூலக்கூறோடு சேர்ந்து ட்ரைஅயோடைடு அயனியாகிவிடுகிறது. அதற்கு மின்சுமை இருப்பதால் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அயோடைடு இல்லாத எத்தனாலில் சில அயோடின் படிகங்களைக் கரைத்து, அதில் தண்ணீர் விட்டால் கருமையான துகள்கள் பிரிவதைப் பார்க்கலாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ஆவியை முகராதீர்கள்.

கற்பூரம் ஓடுவது பரப்பு இழுவிசை வேலை. துணுக்கிலிருந்து கரைந்து பரவும் சிறிதளவு கற்பூரம் சுற்றியுள்ள நீர்ப்பரப்பின் இழுவிசையைக் குறைக்கிறது. அது எல்லாப் பக்கமும் சமமாகக் குறையாததால், இழுவிசை அதிகமுள்ள பக்கம் துணுக்கு இழுபடுகிறது. பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் நின்றுவிடும்.

கேட்டவர்

கடைசியாக ஒன்று. இந்த 70 சதவீதத்தைக் காய்ச்சித் தூய எத்தனால் ஆக்கலாமா?

பதில் – ஆய்வக உதவியாளர்

தயவுசெய்து வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். தூய எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை (தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை) 13 டிகிரி அளவில்தான், அதாவது சாதாரண அறையிலேயே அபாயம். இன்னொரு பக்கம், சாதாரண வளியழுத்தத்தில் எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. அங்கே கொதிநிலை மாறாக் கலவையாகிவிடும், அதாவது ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம் இருப்பதால் மேலும் பிரியாது.

தண்ணீரைப் பிரிப்பதை மாணவர்களுக்குக் காட்ட ஆசையிருந்தால் பொட்டாசியம் கார்பனேட் பயன்படுத்துங்கள். ஸ்பிரிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குலுக்கினால் ஒரு கட்டத்தில் இரண்டு அடுக்காகப் பிரியும்: மேலே எத்தனால், கீழே கார்பனேட் கரைந்த தண்ணீர். சமையல் உப்பு இந்த அளவுக்கு வேலை செய்யாது. கரைசல் காரமானது, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்த மேலடுக்கை உப்புச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் இன்னும் நீர் இருக்கும், கார்பனேட்டும் சிறிது இருக்கலாம், உலர்ந்தால் அதுவே படிவு காட்டிவிடும். உப்புச் சோதனைக்கு நீரற்ற எத்தனால் ஒரு சின்னப் புட்டி வாங்கிவிடுங்கள், மூடியை உடனுக்குடன் இறுக்குங்கள், காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும்.