மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் அடிக்கடி மறைகிறது

கேள்வி:
வணக்கம். பல்லாவரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ரௌட்டரும், மாடியில் கேபிள் வழியாக அதனுடன் இணைத்த அக்சஸ் பாயிண்ட்டும் (அங்கே வைஃபை பரப்பும் கருவி) உள்ளன. நாளுக்கு நான்கைந்து முறை 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் கைபேசியின் பட்டியலிலிருந்து மறைந்து, ஒரு நிமிடத்துக்குப் பின் திரும்புகிறது, 2.4 அப்படியே இருக்கிறது. அடாப்டரை மாற்றியும் பயனில்லை.

பதில் 1:
2.4 நிலைத்திருப்பதால் அடாப்டரும் கேபிளும் குற்றவாளிகள் அல்ல. அந்தச் செலவு வீண்தான். அக்சஸ் பாயிண்ட் அமைப்புகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் (அது ஒலிபரப்பும் அலைவரிசையின் எண்) 'ஆட்டோ'வில் உள்ளதா என்று பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் துடிப்பை உணர்ந்ததும் சாதனம் அந்தச் சேனலை விட்டு விலகி, 30 நிமிடங்களுக்கு அங்கே திரும்பாமல் இருக்க வேண்டும். புதிய சேனலும் அதே வரம்பில் அமைந்தால், அங்கே ரேடார் உள்ளதா என்று குறைந்தது 60 வினாடிகள் கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். நீங்கள் சொல்லும் ஒரு நிமிடம் அதுவாக இருக்கலாம்.

பதில் 2:
சேனலை 36-இல் நிறுத்துங்கள். ஆனால் சேனலின் அகலத்தை 160 மெகாஹெர்ட்ஸில் விட்டால் அது 64 வரை நீண்டு மீண்டும் ரேடார் வரம்புக்குள் நுழைந்துவிடும், 80 போதும்.

கேட்டவர்:
மாற்றும் முன் பார்த்தபோது, அக்சஸ் பாயிண்ட்டின் பதிவேட்டில் சேனல் 100-க்கு நேரே 'ரேடார்' என்ற வரி அன்று மட்டும் மூன்று முறை இருந்தது. 36-க்கும் 80-க்கும் மாற்றி ஆறு நாட்களாகின்றன, ஒருமுறைகூட அறுபடவில்லை. மிக்க நன்றி.