டிராப் வரியில் 'சிக்இன்ட்' எழுதினால் பிழை

கேள்வி: சிக்னல் (நிரலுக்கு வரும் குறுக்கீட்டுச் செய்தி) வந்தால் என்ன செய்வது என்று சொல்வது டிராப் கட்டளை. அதில் சிக்இன்ட் (கண்ட்ரோல்+சி அழுத்தினால் வரும் சிக்னல்) என்று எழுதிய, பேஷ் ஷெல்லில் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட், டெபியன் லினக்ஸில் எஸ்எச் கொண்டு ஓட்டினால் "சிக்இன்ட்: பேட் டிராப்" என்று நின்றுவிடுகிறது. ஏன்? சிஎல்டி என்ற சிக்னல் பெயரை பேஷும் ஏற்கவில்லை.

பதில் 1: அங்கே எஸ்எச் என்பது டேஷ் என்ற வேறு ஷெல். அதற்கு 'சிக்' முன்னொட்டு ஆகாது. சிக்னல் பெயரை இன்ட், டெர்ம் (நிரலை முடிக்கச் சொல்வது) என்று மட்டும், பெரிய எழுத்தில் எழுதுங்கள். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத்தரம்) உறுதி தருவது இந்த வடிவத்துக்குத்தான். முன்னொட்டும் சிற்றெழுத்தும் பேஷ் தரும் சலுகை.

பதில் 2: சிஎல்டி, சிஎச்எல்டி (துணைச் செயல்முறை முடிந்ததைச் சொல்லும் சிக்னல்) என்பதன் மாற்றுப்பெயர். லினக்ஸில் ஐஓடி–ஏபிஆர்டி, போல்–ஐஓ ஜோடிகளும் அப்படித்தான். பேஷ் தன் பட்டியலில் ஒவ்வொரு சிக்னல் எண்ணுக்கும் ஒரு பெயரையே வைத்திருக்கிறது. இசட்எஸ்எச் என்ற ஷெல் மாற்றுப்பெயரையும் புரிந்துகொள்ளும். எண்ணைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், தயவுசெய்து: சிஎச்எல்டி எக்ஸ்86 லினக்ஸில் 17, மேக்ஓஎஸில் 20. சிஎச்எல்டி என்றே எழுதுங்கள், எங்கும் ஓடும்.